நான் கூவாத பத்தரை மணி

"இன்னாக்கா, மறுக்கா வரே? எதனா வுட்டுட்டுப் பூட்டியா?"

இஸ்திரி வண்டிக்காரன் மாரி இப்படிக் கேட்டபோது நான் தலையில் மீன்கூடையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். சித்திரை வெயில். இராயபுரத்து அந்தத் தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. மாரியின் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாய் மட்டும் எழுந்து, வாலை ஆட்டாமல், என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. தினமும் என் காலை முகர்ந்து பார்க்கிற நாய்.

"மறுக்காவா? இப்பதான்டா வரேன்."

"டபாய்க்காதக்கா. பத்தரைக்கு வந்தே. கூவிகினே போனே. ஒன் சத்தம் கேட்டுத்தான் நான் பொட்டில கரி மாத்துனேன்."

"என்னைப் பாத்தியா?"

"உன்ன இன்னாத்துக்குப் பாக்கணும்? நான் டவுசர் போட்ட நாள்லேந்து வந்துகினு கீறே."

சொல்லிவிட்டு அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். என் கூடையில் காலையில் வாங்கின மடவையும் எறாவும் அப்படியே இருந்தன. ஒரு மீன் விற்கவில்லை. ஐஸ் உருகி என் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் அந்தத் தெருவுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

கடிகாரம் தேவையில்லாத தெரு

என் பெயர் தேசம்மா என்பதும், திருவொற்றியூர் குப்பத்துக்காரி என்பதும், மீன் விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினேன் என்பதும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இத்தனை வாரத்தில் தெரிந்திருக்கும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். ஆனால் பொய் எழுத மாட்டேன். எடை போடும்போது தராசில் விரல் வைக்காதவள் நான்.

விடியும்போது காசிமேட்டில் ஏலம் எடுப்பேன். இரண்டு தெரு சுற்றுவேன். அப்புறம் இராயபுரத்து அந்தத் தெருவுக்குள் நுழையும்போது மணி பத்தரை. நாற்பது வருஷம், மழையானாலும் பத்தரை. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

"மீனோ...ய்! சங்கரா கீது, காரப்பொடி கீது, எறா கீதோய்!"

இந்தக் குரலை வைத்துத்தான் அந்தத் தெருவில் உலை வைப்பார்கள். மோட்டார் போடுவார்கள். ஒரு வீட்டில் மாத்திரை விழுங்குவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். போகப் போக யாரும் வெளியே வருவதில்லை. வேண்டும் என்றால் கதவுக்கு வெளியே கிண்ணி இருக்கும், போட்டுவிட்டுப் போவேன். வேண்டாம் என்றால் உள்ளேயிருந்து "வேணாம்மா" என்று சத்தம் வரும். என் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிலோமினாம்மா மட்டும் கேட் வரைக்கும் வருவார். ரயில்வேயில் கார்டாக இருந்தவரின் மனைவி. அவர் போனபிறகு தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில். மாடியில் லில்லி என்று ஒரு பெண் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் தவறிப்போய், காரியமெல்லாம் முடிந்து, நான் மறுபடி கூடை தூக்கின முதல் நாள், தெரு முழுக்க வழக்கம்போல "வேணாம்மா" என்றது. பிலோமினாம்மா வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், கூடையைப் பிடித்து இறக்கிவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். காலையில் பாயில் படுத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சாயங்காலம், வீட்டு வாசலில், காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் எங்கே போனேன், யாருக்கு விற்றேன், ஒன்றும் தெரியாது. "கால் தானாப் போயிருக்கும்" என்று என் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காற்று நின்ற காலை

அது தடைக்காலம். கோடையில் இரண்டு மாதம் பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேடு வெறிச்சென்று இருக்கும். அந்த நாட்களில் நான் வடக்கே, எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போய், ஆற்றில் சின்னப் படகு பிடிக்கிற மீனை வாங்கி வருவேன். கிடைப்பது கொஞ்சம், விலை அதிகம். தெருவில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் போய்க் கூவிவிட்டு வருவேன். பழக்கம்.

மாரி அப்படிக் கேட்ட அன்றைக்குக் காலையில் மடவையும் எறாவும் வாங்கி முடித்துவிட்டேன். ஷேர் ஆட்டோ ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. எறா விற்கிற சம்பூர்ணம், என் வயதுக்காரி, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"குந்து மே. எப்பப் பாரு ஓடிகினே கீறே."

"நேரமாச்சுடி. பத்தரைக்குத் தெருவுல இருக்கணும்."

"இல்லாங்காட்டி இன்னா? தெரு ஓடிப்பூடுமா?"

ஆட்டோக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். "நான் வர்ல, நீ போ நைனா" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது.

நாற்பது வருஷமாகக் கடல் மீனை விற்றுப் பிழைக்கிறேன். கடல் ஓரத்தில் காலை நனைத்து எத்தனை வருஷம் ஆனது என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஆறும் கடலும் சேருகிற இடத்தில் காலை வைத்து உட்கார்ந்தேன். ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கடல் தண்ணீர் சில்லென்றும் இருந்தது. ஒரு கால் சூட்டில், ஒரு கால் குளிரில். சம்பூர்ணம் ஒரு நுங்கைப் பிதுக்கி என் வாயில் போட்டாள். சின்னப் பெண்ணைப் போல அது தாடையில் வழிந்தது. சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றுவிட்டது. அந்த ஊரில் காற்று நிற்காது. மின்நிலையத்துப் புகைபோக்கிகளில் இருந்து வரும் புகை சாயாமல், கயிறு கட்டித் தொங்கவிட்டது போல நேராக நின்றது. அலை இல்லை. கடல் தட்டு மாதிரி கிடந்தது. சம்பூர்ணம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைந்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது என் தொண்டையில் என்னவோ ஏறியது. கூவல்தான். "மீனோ" என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. கடலைப் பார்த்துக் கூவினால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடி விழுங்கினேன். விழுங்கினதும் உடம்பு லேசாகிவிட்டது. கூடையை யாரோ தலையிலிருந்து எடுத்துக்கொண்டது போல.

சம்பூர்ணத்தின் பேச்சு மறுபடி காதில் விழுந்தது. "மணி இன்னாடி?" என்றேன்.

சம்பூர்ணம் போனைப் பார்த்தாள். "பத்தரை. தோ, ஒன் தெரு அங்கேயே கீது, பயப்படாத."

காற்று மறுபடி வந்தது. நான் மதியம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலைப்பொழுது எனக்கு வாய்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

கூப்பிடும் முன்னே வந்த பதில்

மாரியிடம் பேசிவிட்டுத் தெருவுக்குள் நடந்தேன். முதல் வீட்டு வாசலில் நின்று கூவ வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம்: "அதான் வேணாம்னு சொன்னனே, இன்னாக்கா நீ."

இரண்டாவது வீடு. என் செருப்புச் சத்தம்தான் கேட்டிருக்கும். "காலைலயே சொல்லிட்டேனே."

மூன்றாவது வீட்டில் யாரும் பேசவில்லை. ஜன்னல் திரை கொஞ்சம் விலகி, மூடிக்கொண்டது.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காய்ச்சல் கண்ட நாள் ஞாபகம் வந்தது. ஒருவேளை வந்துதான் போனேனோ? எண்ணூரில் உட்கார்ந்ததுதான் கனவோ? குனிந்து காலைப் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. விரல் இடுக்கில் ஆற்று மணல்.

பிலோமினாம்மா வீட்டு முன்னால் நின்றேன். மாடியிலிருந்து லில்லி துணி காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா தூங்கும்க்கா. காலைல நீங்க ரெண்டு பேரும் கேட்டாண்ட பேசிகினு இருந்தீங்களே, அப்புறம் சத்தமே இல்ல."

"நாங்க ரெண்டு பேருமா? பேசுனதக் கேட்டியா?"

"கேட்டனே. நீ கூவுனே. அது, 'இன்னைக்கு வேணாம்மா, நாளைக்குப் பாக்கலாம்'னிச்சு. தினம் சொல்றதுதானே."

நான் போகாத நேரத்தில் என் குரலுக்கு, அந்தம்மா குரல் பதில் சொல்லியிருக்கிறது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். தெரு முழுக்க நான் வந்தேன் என்கிறது. ஒருத்தி எவ்வளவுதான் இல்லை என்று நிற்பது? ஆனால் கேட் பக்கத்தில் பால் பாக்கெட் கிடந்தது. யாரும் எடுக்காமல், வெயிலில் உப்பிக்கொண்டு. கேட் வரைக்கும் வந்து பேசின மனுஷி காலடியில் கிடக்கும் பாலை எடுக்காமல் போவாரா?

கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போனேன். குளியலறை அங்கேதான். கதவு பாதி திறந்திருந்தது. பிலோமினாம்மா தரையில் ஒரு பக்கமாகக் கிடந்தார். பைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இப்பதான் காது கேட்டுச்சா?"

கேட்டுக்கு வெளியே நின்றது

மாரியும் லில்லியும் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மகன் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போனார். அங்கே இருக்கப் பிடிக்காமல், சில மாதத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பிலோமினாம்மா திரும்பி வந்துவிட்டார்.

வந்ததும் பார்க்கப் போனேன். நல்ல வஞ்சிரத் துண்டு கொண்டுபோனேன். கேட்டைத் திறக்கவில்லை.

"காலைல ஆறு மணிக்கு விழுந்தேன்," என்றார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று. "கத்திப் பார்த்தேன். யாருக்கும் கேக்கல. சரி, பத்தரைக்கு தேசம்மா வருவா, அவ வந்தா பொழைச்சுக்குவேன்னு மாதாவை வேண்டிகினே கிடந்தேன். நீ வந்தே. கூவுனே. நான் இருக்கிற பலத்தெல்லாம் சேத்து 'தேசம்மா'ன்னு கத்துனேன்."

"நான் வரவே இல்லம்மா. எண்ணூர்ல..."

"நீ கூவறத நிறுத்துனே. கேட்டுக்கு வெளியே நின்னே. எனக்கு உன் மூச்சு கேட்டுச்சு. நின்னு கேட்டுட்டு, அப்புறம் அடுத்த வூட்டுக்குப் போயிட்டே. விழுந்தது வலிக்கல தேசம்மா. அதான் வலிச்சுது."

"சம்பூர்ணத்தக் கூட்டியாரேன். அவளே சொல்லுவா."

"சாட்சி எதுக்கு? என் காதால கேட்டேன்."

தெருவும் அவர் பக்கம்தான். தேசம்மா கிழவிக்குக் காது மந்தம், கேட்காமல் போயிருப்பாள், இப்போது எண்ணூர்க் கதை விடுகிறாள் என்றார்கள். மாரி கூட, "உடுக்கா, வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்குக் கோபம் வந்த மாதிரி அழுகையும் வந்தது. யார் நம்பாவிட்டாலும் போகட்டும். எனக்குத் தண்ணீர் கொடுத்த ஒருத்தி, சாகக் கிடக்கும்போது நான் நின்று கேட்டுவிட்டுப் போனேன் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்வது?

எண்ணூரில் உட்கார்ந்தது தப்பா என்று பல நாள் யோசித்தேன். தப்பில்லை என்றுதான் மனசு சொன்னது. உட்காராமல் இத்தனை வருஷம் ஓடினதுதான் தப்பு. ஓடி ஓடி, நான் இல்லாமலே ஓடக்கூடிய ஒன்றை அந்தத் தெருவில் செய்துவைத்துவிட்டேன். அதற்கு முகம் வேண்டாம், காது வேண்டாம். கூவினால் போதும்.

அதற்கப்புறம் நான் பத்தரையை விட்டுவிட்டேன். ஒரு நாள் ஒன்பதுக்குப் போவேன், ஒரு நாள் பன்னிரண்டுக்கு. வழியில் தோன்றினால் இறங்கிவிடுவேன். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் கப்பல்களைப் பார்ப்பேன். கோயிலில் கல்யாணம் நடந்தால் தெரியாத பெண்ணுக்கு அட்சதை போட்டுவிட்டு வருவேன். பூக்காரியிடம் உட்கார்ந்து நாலு முழம் கட்டிக் கொடுப்பேன். உலை வைக்கிற நேரம் தப்புகிறது என்று தெருவில் திட்டினார்கள். திட்டட்டும், திட்டுவதற்காவது கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்களே.

ஆனால் அப்படித் தாமதமாகப் போகும் நாட்களில் தெருமுனையில் கால் கொஞ்சம் தயங்கும். எனக்கு முன்னால் நான் வந்துவிட்டுப் போயிருப்பேனோ என்று மாரியின் முகத்தைப் பார்ப்பேன். சில நாள் அவன் கரியை மாற்றி முடித்திருப்பான். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சும்மா வந்தவள்

போன மார்கழி என்று நினைக்கிறேன். பத்து மணி இருக்கும். எதற்கு என்று தெரியாது, கூடையை சம்பூர்ணத்தின் மருமகளிடம் விட்டுவிட்டு, வெறுங்கையோடு பிலோமினாம்மா கேட் முன்னால் போய் நின்றேன்.

"இன்னைக்கு மீன் வேணாம்," என்றார் உள்ளேயிருந்து.

"மீன் எடுத்தாரல. சும்மா வந்தேன்."

பிறகு வாக்கர் தரையைத் தட்டித் தட்டி வந்தது. என் தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"சும்மாவா? நாப்பது வருஷத்துல நீ சும்மா வந்ததே இல்லையே."

"அதான் வந்தேன்."

கேட்டைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். மீன் வாடை பட்டுவிடுமே என்று நுனியில் உட்கார்ந்தேன். "ஒழுங்கா உக்காரு, அது ஒண்ணும் ரயில் சீட்டு இல்ல" என்று அதட்டினார். அந்த அதட்டலில் பழைய பிலோமினாம்மா கொஞ்சம் தெரிந்தார். காபி போட்டார். நான் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். இடுப்பு வலியைப் பற்றிப் பேசினோம். மகனைப் பற்றிப் பேசினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

அப்போது தெருமுனையில் கேட்டது.

"மீனோ...ய்! சங்கரா கீது, காரப்பொடி கீது..."

பிலோமினாம்மா என் வாயைப் பார்த்தார். என் வாயில் காபி இருந்தது. விழுங்கக்கூட இல்லை.

இழுவை அதேதான். 'ய்' என்று முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடையும், அதுவும் அதேதான். என் குரலை நான் வெளியே இருந்து கேட்டது கிடையாது. இவ்வளவு களைத்த குரலா என்னுடையது என்று நினைத்தேன். ஒவ்வொரு வாசலாக அது வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் "வேணாம்மா" என்றார்கள். செருப்புச் சத்தமும் கேட்டது.

எங்கள் கேட்டுக்கு வெளியே வந்ததும் அது நின்றது.

கேட்டின் கம்பி இடைவெளியில் வெயில் மட்டும்தான் தெரிந்தது. யாரும் இல்லை. ஆனால் கூடை சுமந்தவள் வாங்குகிற மூச்சு, ஏறி இறங்கி, நன்றாகக் கேட்டது.

பிலோமினாம்மா மேஜை மேல் இருந்த என் கையைப் பிடித்தார். அழுத்தி, எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பிடித்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு," என்றார் மெதுவாக. "நீ இல்ல."

"நான் இல்லம்மா."

"எண்ணூர்ல தான் இருந்தே."

"நுங்கு துன்னுகினு இருந்தேன்."

அவர் சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. வெளியே மூச்சு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. "போய்ப் பாக்கிறியா?" என்று கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் அதைச் சுமந்தவள் நான்.

பிலோமினாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையை விடாமல், கேட் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"இன்னைக்கு வேணாம்மா! வூட்டுல ஆள் வந்திருக்காங்க!"

செருப்பு நகர்ந்தது. அடுத்த வாசலில் மறுபடி கூவல் எழுந்தது. மாடியிலிருந்து லில்லி, "எங்களுக்கும் வேணாம்க்கா" என்றாள்.

"ஆறிப்போச்சு பாரு," என்று பிலோமினாம்மா என் டம்ளரை எடுத்துக்கொண்டு, சூடு பண்ண உள்ளே போனார்.